ஒரே பட்டம், வேறு வேறு விசில்

ஒரு தாய் கேட்டிருந்த கேள்வி இது: "என் மகள் 7-ஆம் வகுப்பு. அவளுக்கு வீசிங் உண்டு. போன வருடம் வரை இருந்த பி.டி. சார் அவளை மரத்தடியில் உட்கார வைத்துவிடுவார். அவர் காலத்தில் பள்ளி வாலிபால் அணி மாவட்டப் போட்டி வரை போனது. இந்த வருடம் வந்திருக்கும் மேடம் எல்லாரையும் ஓட வைக்கிறார், என் மகளையும் சேர்த்து. இரண்டு பேருமே படித்தது ஒரே உடற்கல்விப் பட்டம், பி.பி.எட். தான். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? இதற்கெல்லாம் பாடத்திட்டம் என்று ஒன்று கிடையாதா?"

பாடத்திட்டம் இருக்கிறது அம்மா. ஆனால் எங்கள் உடற்கல்விப் பாடத்துக்குப் பொதுத்தேர்வு கிடையாது. கணக்கு ஆசிரியர் எப்படி நடத்தினாலும் மார்ச் மாதம் எல்லாரோடும் சேர்ந்து அதே வினாத்தாளுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். மைதானத்தில் அப்படி ஒரு வினாத்தாள் இல்லை. அந்த ஒரு பீரியடை எதை வைத்து நிரப்புவது, யாரை வைத்து நிரப்புவது என்பதெல்லாம் விசில் வைத்திருப்பவர் இஷ்டம். அவர் எந்த ஊரில், எந்த ஆட்டத்தில், யாரிடம் அடி வாங்கி வளர்ந்தார் என்பதெல்லாம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் 30 வருடம் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராகவும் பிறகு உடற்கல்வி இயக்குநராகவும் இருந்து 2019-இல் ஓய்வு பெற்றவன். உங்கள் பழைய சாரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவரை எனக்கு நன்றாகவே தெரியும். முதல் பத்து வருடம் நானும் அவரைப் போலத்தான் இருந்தேன்.

எங்களுக்குத் திருநெல்வேலிச் சீமை. கோயில் கொடை என்றால் ஒரு பக்கம் வில்லுப்பாட்டு, இன்னொரு பக்கம் வாலிபால் டோர்னமெண்ட். டியூப் லைட் கட்டி விடிய விடிய ஆட்டம் நடக்கும். எட்டாம் வகுப்பில் நான் திடுதிப்பென்று வளர்ந்துவிட்டேன். பிரேயரில் கடைசி வரிசையில் என் தலை மட்டும் தனியாகத் தெரிந்ததைப் பார்த்து எங்கள் பி.டி. வாத்தியார் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே அவர்தான். காலையில் ஆட்டம், சாயங்காலம் ஆட்டம், அவர் வீட்டு அவித்த முட்டை, அவர் விசில் கயிற்றால் முதுகில் நாலு. மாவட்டம் ஆடினேன், மாநிலம் ஆடினேன், விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைத்தது, அப்புறம் பி.பி.எட். அப்போது அது ஒரு வருடப் படிப்பு. 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகுதான் இரண்டு வருடமாக்கினார்கள்.

இந்தக் கதையை எத்தனையோ மேடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். என் வகுப்பில் இன்னும் ஐம்பது பேர் இருந்தார்களே, நான் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

1989-இல் முதல் பணியிடம். எட்டாம் வகுப்பு பி பிரிவு, 64 பேர். ஸ்டோர் ரூமைத் திறந்தால் இரண்டு வாலிபால், அதில் ஒன்று தையல் விட்டது. ஒரு ஷாட்புட், ஒரு ரிங், எலி கடித்த நெட். வகுப்பு வரிசையாக வந்து நின்றது. நான் சொன்ன முதல் வாக்கியம் இன்னும் ஞாபகம் இருக்கிறது: "வளர்த்தியா இருக்கிறவன்லாம் இந்தப் பக்கம் வா." பன்னிரண்டு பேரை ஒதுக்கினேன். பெண் பிள்ளைகளிடம் ரிங்கைக் கொடுத்து, "ஆடுங்கம்மா" என்றேன். மீதிப் பையன்களுக்கு வாயால்கூடச் சொல்லவில்லை, விசிலை நீட்டி வேப்பமரத்தைக் காட்டினேன். அவர்களும் பழகியவர்கள்போலப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எனக்கு எப்படி நடத்தினார்களோ அப்படி நடத்தினேன்.

அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மற்ற தொழிலுக்கு வருகிறவன் கல்லூரிக்குப் போன பிறகுதான் அந்தத் தொழிலைக் கிட்டத்தில் பார்ப்பான். ஆசிரியர் வேலைக்கு வருகிறவனோ பன்னிரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியர்களையே பார்த்துக்கொண்டிருந்தவன். பார்த்துப் பார்த்தே பாதித் தொழிலைப் பழகிவிடுகிறான். ஆனால் பெஞ்சிலிருந்து பார்ப்பவனுக்கு ஆசிரியர் செய்வது தெரியும், ஏன் செய்கிறார் என்பது தெரியாது. என் விஷயத்தில் அது அப்படியே பொருந்தியது. ரொம்ப வருடம் கழித்து என் வாத்தியாரைப் பார்க்கப் போனபோது, ஏன் சார் எப்போதும் பன்னிரண்டு பேரை மட்டும் ஆட வைப்பீர்கள் என்று கேட்டேன். "ஸ்கூல்ல ஒரு பந்துதானல இருந்துச்சு" என்றார். அவருக்கு அது வேறு வழியில்லாத ஏற்பாடு. நான் அதையே முறை என்று எடுத்துக்கொண்டேன். நடுவில் ஒரு வருடம் என் பள்ளிக்குப் பத்துப் பந்து வந்தது. அப்போதும் நான் பன்னிரண்டு பேரைத்தான் நிறுத்தினேன். ஒன்பது பந்து அலமாரியில் காற்று இறங்கிக் கிடந்தது.

ஹால் லாசன் என்ற இன்னொரு அமெரிக்கர் 1983-இல் உடற்கல்வி ஆசிரியர்களை மட்டும் எடுத்துக்கொண்டு இதைப் பிரித்துப் பார்த்தார். கல்லூரிக்கு முந்தைய வாழ்க்கை, கல்லூரி, வேலை பார்க்கும் பள்ளி என்று மூன்று இடங்களில் இந்த ஆள் உருவாகிறார் என்றார். இந்த வேலைக்கு வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு என்பதையும் காட்டினார். ஒரு ரகம் அணியைத் தயார் செய்ய வருகிறது, மற்றது வகுப்பை நடத்த வருகிறது. அணிக்காக வந்தவருக்கு பீரியட் என்பது சாயங்காலப் பயிற்சி வரும்வரை நேரம் கடத்துவது. நான் அந்த ரகம். உங்கள் பழைய சாரும் அந்த ரகமாகத்தான் இருக்க வேண்டும், அணி மாவட்டம் வரை போயிருக்கிறதே.

இப்படி ரகம் ரகமாக ஆட்கள் வருவது நம் ஊரில் இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் பள்ளிகளில் டிரில் சொல்லிக்கொடுக்கப் பட்டாளத்திலிருந்து வந்தவர்களை வைத்தார்கள். டிரில் மாஸ்டர் என்ற பேர் அப்படி வந்தது. பட்டாளத்தில் முப்பது பேரும் ஒரே மாதிரி காலைத் தூக்க வேண்டும். அதே கண்ணால் அவர்கள் பிள்ளைகளையும் பார்த்தார்கள். பிறகு 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான். அவர் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தவர். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தது அந்தக் கல்லூரியில். 1895-இல் வாலிபாலைக் கண்டுபிடித்த வில்லியம் மார்கனும் அங்கே படித்தவர்தான். ஆக, எங்கள் ஊர்க் கொடையில் டியூப் லைட்டுக்குக் கீழே நாங்கள் ஆடிய ஆட்டத்துக்கும் அந்தக் கல்லூரிக்கும் ஒரு வழித்தடம் இருக்கிறது. பக் எங்கிருந்து வந்தாரோ அங்கே ஆட்டம்தான் பாடம். அதனால் அவர் வழியில் வந்தவர்கள் கையில் பந்தோடு வந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி பட்டாளம் வந்தது. நேதாஜியின் படையில் தளபதியாக இருந்த ஜெகந்நாத் ராவ் போன்ஸ்லே 1954-இல் தேசிய ஒழுக்கத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார். அகதிப் பிள்ளைகளிடம் ஆரம்பித்த திட்டம், பிறகு நாடு முழுக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அரசு அமைத்த குன்ஸ்ரு குழு சொன்னபடி 1965-இல் அதையும் உடற்கல்வியையும் ஒன்றாக்கினார்கள். காகிதத்தில் ஒன்றாயிற்று. மைதானத்தில் ஆட்கள் அப்படியேதான் இருந்தார்கள். நான் படித்த பள்ளியில் என் வாலிபால் வாத்தியாரைத் தவிர, அந்தத் திட்டத்தில் வந்த ஒரு பெரியவரும் இருந்தார். சுதந்திர தினத்துக்கு மாஸ் டிரில் என்றால் முழுப் பள்ளியும் அவர் கையில். எண்ணூறு கை ஒரே நேரத்தில் உயரும். அவர் வகுப்பில் மரத்தடியில் யாரும் உட்கார்ந்ததில்லை என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். யாருக்கும் பந்தும் கிடைத்ததில்லை, அது வேறு.

சரி, பட்டாளக் கதை போதும். நம் காலத்து ஆட்களைப் பார்ப்போம். இருபது பி.டி. ஆசிரியர்களைக் குறுவட்டப் போட்டியில், அதாவது பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஆடும் போட்டியில், ஒரு ஷாமியானாவுக்குக் கீழே உட்கார வைத்தால், யார் எந்த ஆட்டத்திலிருந்து வந்தவர் என்று அவர்கள் ஒரு பையனைப் பார்க்கும் விதத்திலேயே சொல்லிவிடலாம். வாலிபால்காரன் உயரத்தைப் பார்ப்பான். கபடிக்காரன் தொடையையும் மணிக்கட்டையும் பார்ப்பான். "பிடி விடமாட்டான் சார் இவன்" என்பான். ஓட்டக்காரன் ஸ்டாப் வாட்சைத் தவிர எதையும் நம்பமாட்டான். ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர் எந்தப் பள்ளிக்கு மாறினாலும் முதலில் ஹாக்கி மட்டை கேட்டு எழுதிப்போடுவார். முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவர் மட்டும், வார்ம் அப் முடிக்காமல் ஒரு பிள்ளையையும் உள்ளே விடமாட்டார். அவர் வகுப்பில் சுளுக்கு, கட்டு என்று ஹெட்மாஸ்டர் அறைக்கு ஆள் வருவது குறைவு.

இதில் ஓட்டக்காரர்கள் கொஞ்சம் தனி. வாலிபாலில் ஒரு பக்கம் ஆறு பேருக்குத்தான் இடம், ஏழாவது ஆள் வந்தாலே அவன் வெளியே. ஓட்டத்தில் அப்படி இல்லை. ஐம்பது பேர் ஓடினாலும் ஐம்பது பேருக்கும் ஒரு நேரம் உண்டு. போன வாரம் எடுத்த நேரத்தைவிட இந்த வாரம் இரண்டு விநாடி குறைந்தால் அது ஒரு சேதி. கடைசியில் வருகிறவளுக்கும் சொல்வதற்கு அவர்களிடம் ஏதாவது இருக்கிறது. உங்கள் மேடம் என்ன ஆடியவர் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஓட்டக்காரர் என்றுதான் தோன்றுகிறது. விசாரித்துப் பாருங்கள்.

வீட்டுப் பின்னணியும் சேர்ந்துகொள்ளும். இந்த வேலைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். விளையாட்டு அவர்களை வயலிலிருந்தோ தீப்பெட்டி ஆபீசிலிருந்தோ மாதச் சம்பளத்துக்குக் கூட்டி வந்த படிக்கட்டு. அதனால் அந்தப் படிக்கட்டில் இன்னும் நாலு பிள்ளைகளை ஏற்றிவிட வேண்டும் என்ற வேகம் அவர்களுக்கு இருக்கும். காலை ஐந்தரை மணிக்குப் போலீஸ் செலக்‌ஷனுக்குப் பையன்களை ஓடவிடும் பி.டி. சார் பல ஊரில் உண்டு, ஒரு பைசா வாங்காமல். 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், தாண்ட வேண்டும். அது பெரிய உதவி, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே ஆளுக்கு, விளையாட்டால் எந்த வேலைக்கும் போகப்போகாத ஒரு பிள்ளை எதற்காக ஓட வேண்டும் என்பது புரிவது கஷ்டம். இடம் பிடிக்கத்தான் ஓடுவது என்று அவர் வாழ்க்கை அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. கிராமத்தில் டீம் என்பது பெரும்பாலும் தெரு. கபடி தொட்டுப் பிடிக்கிற ஆட்டம். யாரை யார் தொடுவது என்ற கணக்கு மைதானத்துக்குள்ளும் வரும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் ரோல் நம்பர்படிதான் அணி பிரிப்பார். ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை ஒரு பக்கம், பேச்சே கிடையாது. தண்ணீர்க் குடத்துக்கு ஒரே டம்ளர். ஏன் இவ்வளவு கறார் என்று ஒருநாள் கேட்டேன். சின்ன வயதில் ஊர் டீமுக்குப் பந்து பொறுக்கிப் போட மட்டும் தன்னைக் கூப்பிடுவார்கள் என்றார். எனக்கு அந்த அனுபவம் இல்லை. அதனால் என் வகுப்பில் பிள்ளைகள் தாங்களாகவே அணி பிரித்துக்கொண்டபோது அதில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரிந்ததில்லை.

இனி என் கண்ணைத் திறந்த ஒரு டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் கழித்து எங்கள் பள்ளிக்கு இரண்டாவது உடற்கல்வி ஆசிரியராக ஒரு பெண் வந்தார். குள்ளம். மாநிலம் கிடையாது, மாவட்டம்கூட ஆடியதில்லை. நான் என்ன ஆட்டம் என்று கேட்டதற்கு, "ஸ்கூல்ல நான் ஸ்கோர் எழுதுற பிள்ளை சார்" என்று சிரித்தார். எப்படி இந்தப் படிப்புக்கு வந்தார்கள் என்று கேட்டால், பெண் ஆசிரியர்களுக்கு இடம் இருக்கிறது என்று அப்பா சேர்த்துவிட்டாராம். சேர்க்கையில் உடல்தகுதித் தேர்வு ஒன்று உண்டே, அதில் முதல் வருடம் தேறவில்லை. ஒரு வருடம் தெருவில் ஓடிப் பழகி அடுத்த வருடம் தேறியிருக்கிறார். நான் மனதுக்குள், சரி, நமக்கு ரெக்கார்டு எழுத ஒரு ஆள் வந்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். என் யோக்கியதை அன்று அவ்வளவுதான்.

ஒருநாள் ஆறாம் வகுப்புக்கு உயரம் தாண்டுதல் நடத்தினார். நான் எப்படி நடத்துவேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கம்பம், நடுவில் பார். தாண்டாதவன் வெளியே. பாரை உயர்த்து, மறுபடி தாண்டாதவன் வெளியே. கடைசியில் மூன்று பேர் ஆடுவார்கள், மீதிப் பேர் கைதட்டுவார்கள். அந்த டீச்சர் பாரை எடுக்கவே இல்லை. கிணற்றுக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு முனையை வேப்பமரத்தில் நெஞ்சு உயரத்துக்குக் கட்டினார். மறுமுனையை இழுத்துக் கொடிக்கம்பத்தின் அடியில் கணுக்கால் உயரத்துக்குக் கட்டினார். கயிறு சரிந்து நின்றது. கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நடுநடுவே பழைய சேலைக் கிழிசலை முடிந்துவிட்டார். கீழே மணலைக் கொத்திவிட்டிருந்தார். "எந்த இடத்துல தாண்ட முடியுமோ அங்க நின்னு தாண்டு. முடிஞ்சா ஒரு அடி மரத்துப் பக்கம் தள்ளிப் போ." இவ்வளவுதான் பாடம்.

நான் படியில் உட்கார்ந்து எண்ணினேன். கண்ணாடி போட்ட, கொஞ்சம் பருமனான ஒரு பெண். என் வகுப்பாக இருந்தால் ஒரு முறை தாண்டிப் பாரைத் தட்டிவிட்டு அந்தப் பீரியட் முழுக்க உட்கார்ந்திருப்பாள். அன்று 14 முறை தாண்டினாள். முதலில் கொடிக்கம்பத்தை ஒட்டி. பிறகு ஒரு சேலை முடிச்சு தள்ளி, அப்புறம் இன்னொரு முடிச்சு. பெல் அடித்த பிறகும் ஒரு முறை ஓடி வந்து தாண்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்கு ஓடினாள். யாருக்கு அதிகப் பயிற்சி வேண்டுமோ அவனைத்தான் நாம் முதலில் உட்கார வைக்கிறோம் என்பது எனக்கு அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. பத்து வருடம் சர்வீஸ் ஆன பிறகு.

இந்தச் சரிந்த கயிறு அவருடைய கண்டுபிடிப்பு இல்லை, கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது என்றார். எனக்கும் ஏதோ ஒரு வகுப்பில் சொல்லியிருப்பார்கள், என் காதில் ஏறவில்லை. அதைப் பிரபலப்படுத்தியவர் மஸ்கா மாஸ்டன். 1960-களில் உடற்கல்வி கற்பிக்கும் முறைகளை வரிசைப்படுத்தியவர். விசிலுக்கு விசில் எல்லாரும் ஒன்றுபோலச் செய்வது ஒரு முனை, பிள்ளையே தீர்மானிப்பது மறுமுனை. அவர் கதையும் நம் விஷயத்துக்கு உரியது. அவர் ஜிம்னாஸ்டிக்ஸில் கெட்டிக்காரர். தான் செய்து காட்டுவார், மாணவர்கள் அப்படியே செய்ய வேண்டும். ஒருநாள் ஒரு மாணவர், உங்களைப் போல என்னால் ஆக முடியாது, ஆகவும் எனக்கு விருப்பமில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம். அந்த அடியிலிருந்துதான் தான் யோசிக்க ஆரம்பித்ததாக மாஸ்டனே சொல்லியிருக்கிறார். என்னிடம் அப்படிச் சொல்ல ஒரு பையனுக்கும் துணிச்சல் வரவில்லை. விசில் கயிறு கையில் இருந்ததே.

உயரம் தாண்டுதல் என்றதும் மாரியப்பன் தங்கவேலு ஞாபகம் வருகிறார். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி. ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அவரை முதலில் தாண்டச் சொன்னது அவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் மாலை மாலையாகப் போட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு கேள்வி உறுத்தியது. 1989-இல் அந்தப் பையன் என் வரிசையில் நின்றிருந்தால்? நல்ல வளர்த்தி, கூப்பிட்டிருப்பேன். காலைப் பார்த்திருப்பேன். "தம்பி, நீ ஸ்கோர் எழுது" என்று சொல்லியிருப்பேன்.

பின்னணிதான் எல்லாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளியும் ஆளை மாற்றும், பெரும்பாலும் கீழ்நோக்கி. பி.பி.எட். முடித்து வருகிற பிள்ளைகள் முதல் மாதம் பாடக்குறிப்பு எழுதி, விளக்கப்படம் வரைந்து, ரொம்ப ஆசையாக வருவார்கள். சீனியர் ஒருவர் டீக்கடையில் வைத்துச் சொல்வார்: "தம்பி, சத்தம் ஹெச்.எம். ரூமுக்குக் கேட்கக்கூடாது, அதான் நம்ம சிலபஸ்." அதோடு முடி வெட்டாதவனைப் பிடிப்பது, லேட்டாக வருகிறவனைப் பிடிப்பது, பஸ் பாஸ், இலவச சைக்கிள் எல்லாம் பி.டி. ஆசிரியர் தலையில். அரையாண்டுக்கு அப்புறம் பத்தாம் வகுப்பு பி.டி. பீரியடை கணக்கு சாரும் அறிவியல் டீச்சரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். இரண்டு வருடத்தில் அந்தப் புதுப்பையன் தன் எட்டாம் வகுப்பு வாத்தியாராகவே மாறி நிற்பான். கல்லூரி கற்றுக்கொடுத்தது மெல்லக் கரைந்து, அதற்கு முன்னால் பார்த்துப் பழகியது மேலே வந்துவிடும்.

நடுநிலைப் பள்ளிகளில் நிலைமை வேறு. கல்வி உரிமைச் சட்டம் 2009, நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதன்படி தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், தையல், உடற்கல்வி என்று எல்லாம் சேர்த்து 16,000 பேருக்கு மேல் எடுத்தார்கள். வாரம் மூன்று அரை நாள், ஆரம்பத்தில் மாதம் 5,000 ரூபாய். மீதி நேரத்தில் ஜிம்மில் டிரெயினராகவோ தனியார் அகாடமியில் கோச்சாகவோ ஓடினால்தான் அவருக்கு வீட்டு அடுப்பு எரியும். அங்கே காசு கொடுப்பவர் பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். அந்தப் பழக்கத்தைப் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்றால் எப்படி?

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பயிற்சியாளர் வேறு, ஆசிரியர் வேறு. பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர்களை உருவாக்குகிறது. பி.டி. உஷாவைக் கண்டெடுத்து வளர்த்த நம்பியார் விமானப்படையில் இருந்துவிட்டு அங்கே படித்து வந்தவர். அவர் வேலை, நூறு பேரில் ஒரு உஷாவைக் கண்டுபிடிப்பது. பள்ளி ஆசிரியர் வேலையில் மீதித் தொண்ணூற்றொன்பது பேரும் சேர்த்தி. நம் ஊரில் ஹெட்மாஸ்டர், பெற்றோர், செய்தித்தாள் எல்லாரும் முதல் வேலையைச் செய்தால்தான் "நல்ல பி.டி. சார்" என்கிறார்கள். கோப்பை இருந்தால் ஹெச்.எம். மேஜைக்குப் பின்னால் அலமாரியில் வைக்கலாம். 14 முறை தாண்டிய பெண்ணை எங்கே வைப்பது?

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். பழைய சார் அவளை உட்கார வைத்தது அக்கறையாலும் இருக்கலாம். பயமாகவும் இருந்திருக்கும், ஏதாவது ஆகிவிட்டால் கேட்பார்களே என்று. ஆனால் அவருக்கு அது சுலபமாகவும் இருந்தது. அவர் பார்த்து வளர்ந்த மைதானத்தில் மரத்தடி எப்போதுமே உண்டு. புது மேடம் ஓட வைப்பது நல்லது என்றே நினைக்கிறேன். வீசிங் கட்டுப்பாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஓடலாம், ஆடலாம் என்றுதான் மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆனால் ஓட்டக்காரர்களிடம் ஒரு கோளாறு உண்டு. மூச்சு வாங்குவதை அவர்கள் சோம்பல் என்று நினைப்பார்கள். "இன்னும் ஒரு ரவுண்டு போ, சரியாயிடும்" என்பது அவர்கள் வாழ்க்கையில் பலித்த வாக்கியம். உங்கள் மகளுக்கு அது பலிக்காது.

அதனால் புகார் என்று போகாதீர்கள். ஒருநாள் சாயங்காலம் போய்ப் பேசுங்கள். அவளைப் பார்க்கும் டாக்டரிடம், ஓடலாம், இந்த மருந்து, இந்த நேரத்தில் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக் கொடுங்கள். ஓடுவதற்கு முன்னால் இன்ஹேலர் எடுக்க வேண்டுமா என்பதையும் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். திடீரென்று ஓடவிடாமல் பத்து நிமிடம் நடையும் மெதுவான ஓட்டமுமாகத் தொடங்கட்டும். நிறுத்தி நிறுத்தி ஓடுவது ஒரே மூச்சாக ஓடுவதைவிட இவளுக்குச் சுலபமாக இருக்கும். மார்கழிக் காலைப் பனியிலும், மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிற நேரத்திலும் அவளைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இரும ஆரம்பித்தால் நிற்பதற்கு அவள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதை மேடம் வாயாலேயே அவளிடம் சொல்ல வையுங்கள்.

இன்ஹேலர் இரண்டாவது மாடியில் ஸ்கூல் பையில் இருந்தால் பிரயோஜனம் இல்லை. இடுப்பில் கட்டுகிற சின்னப் பை ஒன்று வாங்கி அதில் போட்டுக் கொடுங்கள். அதை எப்படி அடிப்பது என்று மேடத்துக்கு உங்கள் மகளையே செய்து காட்டச் சொல்லுங்கள்.